நுரையீரலுக்குள் துரு



அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பவுண்டரி. வார்ப்படத்தில் ஒட்டிய மணலையும் பிசிறையும் கிரைண்டரில் தேய்த்தெடுக்கும் வேலை என் மாமாவுக்கு. இருபது வருடமாக அதே இடம். வேலை முடிந்ததும் இரண்டு வாழைப்பழம், ஒரு கட்டி வெல்லம் சாப்பிடுவார். "தூசி எல்லாத்தையும் இழுத்துக்கிட்டுப் போயிடும் மாப்ளே" என்பார்.

போன வருடம் ஆவடி ஸ்டேஷன் படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். எக்ஸ்ரே பார்த்த டாக்டர் சொன்ன பெயர் சிலிக்கோசிஸ்.

வெல்லம் ஏன் காப்பாற்றவில்லை? அது போவது வயிற்றுக்கு. தூசி போவதோ நுரையீரலுக்கு! பெரிய தூசியை மூக்கும் சளியும் பிடித்துவிடும். ஒரு மில்லிமீட்டரில் 200-ல் ஒரு பங்கைவிடச் சிறிய சிலிக்கா துகள், நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போய்விடும். அங்கே காவலிருக்கும் மேக்ரோபேஜ் என்ற செல் அதை விழுங்கி, ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் வீரியமான மூலக்கூறுகளால் தாக்கும். கிருமி என்றால் செத்துப்போகும். மணல் சாகுமா? செல்தான் சாகிறது. வெளியே வந்த துகளை அடுத்த செல் விழுங்குகிறது.

இரும்பைத் துரு அரிப்பதுபோல அந்த மூலக்கூறுகள் நம் திசுவையே அரிக்கின்றன. இதுதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம். சேதமான இடத்துக்கு மேலும் செல்கள் ஓடிவருகின்றன, அது அழற்சி. ஒன்று மற்றொன்றைத் தூண்ட, நுரையீரல் தழும்பேறி இறுகுகிறது. காசநோயும் எளிதில் தொற்றும். வேலையை விட்டாலும் உள்ளே போன மணல் போகாது. சர்க்கரை நோயிலும் இதய ரத்தக்குழாய் அடைப்பிலும் இதே ஜோடிக்குப் பங்கு உண்டு.

'ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரை போட்டா சரியாயிடாதா?' என்று கேட்கலாம். பின்லாந்தில் புகைபிடிப்பவர்களுக்கு பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-ல் வெளியான முடிவு என்ன தெரியுமா? நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியிருந்தது!

ஆக, தூசியைப் பிறக்கும் இடத்திலேயே நிறுத்துவதுதான் வழி. தண்ணீர் தெளித்து வேலை செய்வது, எக்ஸாஸ்ட், முகத்தில் இறுகப் பொருந்தும் சரியான மாஸ்க். கர்சீப் கட்டினால் போதாது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சிலிக்கோசிஸை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக வைத்தது.

மாமாவின் பவுண்டரியில் எக்ஸாஸ்ட் இருந்தது; ரிப்பேராகிக் கிடந்தது. நாளை நம்மில் பலர் சூப்பர்வைசர் ஆவோம். "சார், ஃபேன் ஓடல" என்று ஒருவர் வந்து நின்றால், "அப்புறம் பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

- மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்