ஃப்ளூவை நம் ரத்தம் தடுக்குமா? பதில் சொல்லும் ‘போலி வைரஸ்’... எப்படி வேலை செய்கிறது?

2023 மார்ச். புதுச்சேரியில் எச்3என்2 வகை இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் குழந்தைகளிடம் வேகமாகப் பரவியது. 8-ம் வகுப்பு வரை மார்ச் 16 முதல் 26 வரை விடுமுறை என்று சட்டப்பேரவையில் அறிவித்தார் கல்வி அமைச்சர் நமச்சிவாயம். அதற்கு ஆறு மாதம் முன்பு, 2022 செப்டம்பரிலும் ஃப்ளூ காரணமாகப் பள்ளிகளுக்கு லீவு விடப்பட்டது.

மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்து பி.சி.ஆர். பரிசோதனை செய்தால், வந்திருப்பது எந்த வைரஸ் என்று தெரிந்துவிடும். ஆனால், ‘அடுத்த முறை வந்தா நம்ம உடம்பு தாங்குமா?’ என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. அதற்கு, வைரஸை முடக்கும் ஆன்டிபாடிகள் ரத்தத்தில் எவ்வளவு இருக்கின்றன என்று அளக்க வேண்டும். அங்கேதான் வருகிறது ‘சூடோடைப்’ எனப்படும் போலி வைரஸ்.

பழைய முறையில் என்ன சிக்கல்?

ஃப்ளூ வைரஸின் மேற்பரப்பில் ஹீமக்ளூட்டினின் என்ற புரதம் இருக்கிறது. நம் செல்லின் கதவைத் திறக்கும் சாவி அதுதான். ரத்த சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்ட வைப்பதும் அதுவே. ஆன்டிபாடி இருந்தால் இந்த ஒட்டல் நடக்காது. இதை வைத்து 1941-ல் அமெரிக்க விஞ்ஞானி ஜார்ஜ் ஹர்ஸ்ட் உருவாக்கிய சோதனை இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது.

ஆனால், சமீபகால எச்3என்2 வைரஸ்கள் பல, சிவப்பணுக்களைச் சரியாக ஒட்ட வைப்பதில்லை. மேலும், ஹீமக்ளூட்டினினின் தலைப்பகுதியைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளைத்தான் இந்தச் சோதனை காட்டும். தண்டுப்பகுதியைப் பிடிப்பவை பெரும்பாலும் கணக்கில் வராது.

புலி வேஷம் கட்டிய வைரஸ்

உயிருள்ள வைரஸை வைத்தே சோதிக்கலாமே? சாதாரண ஃப்ளூ என்றால் ஓகே. எச்5என்1 பறவைக் காய்ச்சல் போன்றவற்றுக்கு உயர் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும். 2021-ல் டெல்லி எய்ம்ஸில் ஒரு சிறுவன் எச்5என்1-க்கு பலியானது, இந்தியாவில் அந்த வைரஸால் நேர்ந்த முதல் மனித மரணம்.

போலி வைரஸ் இதற்கு ஒரு வழி. எச்ஐவி போன்ற வேறொரு வைரஸின் உள்கூட்டை எடுத்து, நோய் பரப்பத் தேவையான மரபணுக்களை நீக்கிவிடுவார்கள். வெளியே ஃப்ளூவின் ஹீமக்ளூட்டினினைப் பொருத்துவார்கள். புலி வேஷம் கட்டிய ஆள் மாதிரி: தோற்றம் புலி, கடி கிடையாது. ஒரு முறை செல்லுக்குள் நுழையும். அதற்கு மேல் பெருகாது. அதனால் சாதாரண பாதுகாப்பு வசதியுள்ள ஆய்வகமே போதும். புதிய வைரஸின் மரபணு வரிசை கையில் இருந்தாலே தயாரித்துவிடலாம். அசல் வைரஸ் வந்து சேரக் காத்திருக்க வேண்டாம்.

அளப்பது எப்படி?

போலி வைரஸுக்குள், மின்மினிப் பூச்சியை ஒளிர வைக்கும் லூசிஃபெரேஸ் நொதிக்கான மரபணுவை வைப்பார்கள். ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை 1:40, 1:80, 1:160 எனப் படிப்படியாக நீர்க்கச் செய்து, போலி வைரஸுடன் கலந்து, பிறகு செல்களைச் சேர்ப்பார்கள். இரண்டு, மூன்று நாளில் வெளிச்சத்தை அளப்பார்கள்.

வெளிச்சம் அதிகம் என்றால் வைரஸ் உள்ளே போய்விட்டது. குறைவு என்றால் ஆன்டிபாடி தடுத்துவிட்டது. வெளிச்சத்தைப் பாதியாகக் குறைக்கும் கடைசி நீர்ப்பு அளவுதான் ‘மார்க்’. 1:80 வரை தாக்குப்பிடிக்கும் சீரத்தைவிட 1:640 வரை தாக்குப்பிடிப்பது வலுவானது. கோவிட் காலத்தில் தடுப்பூசிகளைச் சோதிக்க இந்திய ஆய்வகங்கள் சில இந்த உத்தியையும் பயன்படுத்தின.

குறையே இல்லையா?

இருக்கிறது. டி செல்கள் தரும் பாதுகாப்பை இது காட்டாது. பழைய முறையில் 1:40 என்றால் சுமார் 50% பாதுகாப்பு என்ற பொதுவான கணக்கு உண்டு. போலி வைரஸ் முறையில் எல்லோரும் ஏற்ற அப்படியொரு எண் இன்னும் இல்லை. ஆய்வகத்துக்கு ஆய்வகம் முடிவும் மாறலாம்.

நமக்கு என்ன பயன்?

இது பக்கத்து லேபில் காசு கட்டிச் செய்துகொள்ளும் டெஸ்ட் அல்ல. ஃப்ளூ வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால், தடுப்பூசியில் எந்த ரகங்கள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரி, செப்டம்பர் என ஆண்டுக்கு இரு முறை பரிந்துரைக்கிறது. பழைய தடுப்பூசி தந்த ஆன்டிபாடி புதிய ரகத்தைத் தடுக்குமா என்பதைச் சீக்கிரம், ஆபத்தில்லாமல் சோதித்துப் பார்க்க போலி வைரஸ் உதவும். பள்ளிக்கூடத்தைப் பூட்டும் நிலை வருவதற்கு முன்பே தெரிய வேண்டிய விஷயம் அது.

அதுவரை, கர்ப்பிணிகள், முதியவர்கள், 6 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகள், நாள்பட்ட நோய் உள்ளவர்கள் ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போடுவது பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.