மனநிலைக் கோளாறும் நூல் வாசிப்பும்

மனநிலைக் கோளாறு என்பது ஒருவரது துயரமோ எழுச்சியோ சூழ்நிலைக்குப் பொருந்தாத அளவுக்கு மிகுந்து, நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் நீடித்து, அன்றாட வாழ்க்கையைக் குலைக்கும் நோய்களின் தொகுதி ஆகும். உளச்சோர்வு, இருமுனையப் பிறழ்வு ஆகிய இரண்டும் இவற்றுள் முதன்மையானவை. இந்நோய்கள் உறக்கம், பசி, பேச்சு ஆகியவற்றைப் பாதிப்பது போலவே நூல் வாசிக்கும் திறனையும் பாதிக்கின்றன. ஆயினும் வாசிக்க இயலாமை நோயின் அறிகுறியாக அடையாளம் காணப்படாமல், சோம்பல் என்றோ அக்கறையின்மை என்றோ கொள்ளப்படுவது வழக்கமாக உள்ளது. மறுபுறம், தக்க நூல்களைத் தக்க முறையில் வாசிப்பது சிகிச்சைக்குத் துணைசெய்யக் கூடியது. இவ்விரு பக்கங்களையும், தஞ்சாவூரை மையமாகக் கொண்ட காவிரிப் படுகையின் நூலக மரபோடு சேர்த்து இக்கட்டுரை விளக்குகிறது.

மனநிலைக் கோளாறுகளின் வகைகள்

உளச்சோர்வில் துயரம், எதிலும் நாட்டமின்மை, களைப்பு, உறக்கக் குறைவு அல்லது மிகையுறக்கம், தன்னைத் தானே இழிவாகக் கருதுதல் போன்றவை குறைந்தது 2 வாரங்களுக்குத் தொடர்ந்து காணப்படும். கவனம் குவிக்க இயலாமையும் இந்நோயை அறுதியிடப் பயன்படும் அறிகுறிகளுள் ஒன்றாகும்.

இருமுனையப் பிறழ்வில் உளச்சோர்வுக் காலங்களும், அதற்கு நேர்மாறான எழுச்சிக் காலங்களும் மாறி மாறி வரலாம். எழுச்சிக் காலத்தில் உறக்கத் தேவை குறைகிறது; எண்ணங்கள் விரைந்து ஓடுகின்றன; பேச்சும் செலவும் மிகுகின்றன. இடைப்பட்ட காலங்களில் பலர் இயல்பாக வாழ்கின்றனர்.

உலக நலவாழ்வு அமைப்பின் 11ஆம் நோய் வகைப்பாடு 2022ஆம் ஆண்டு சனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் இவ்விரண்டும் மனநிலைக் கோளாறுகள் என்னும் ஒரே பிரிவில் வைக்கப்பட்டுள்ளன. 2015-16இல் பெங்களூர் நிம்கான்சு நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயதுவந்தோருள் ஏறத்தாழ 20 பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் உளச்சோர்வுக்கு ஆளாகின்றனர்.

வாசிப்பில் ஏற்படும் மாற்றங்கள்

உளச்சோர்வுக் காலம்

வாசிப்பு எளிய செயலாகத் தோன்றினாலும் பல திறன்களின் கூட்டால் நிகழ்வதாகும். முன் வரியை நினைவில் நிறுத்துதல், அடுத்த வரியோடு அதைப் பொருத்துதல், கதைமாந்தரைப் பிரித்தறிதல், கவனச் சிதறலைத் தடுத்தல் ஆகியவை ஒருசேர நடைபெற வேண்டும். உளச்சோர்வில் இத்திறன்கள் மந்தமடைகின்றன. கண் வரிகளின் மேல் செல்லும். பொருள் மனத்தில் நிற்காது. ஒரே பத்தியை நான்கு ஐந்து முறை படித்தும் அதில் என்ன இருந்தது என்று சொல்ல இயலாமற் போகும். இதனோடு நாட்டமின்மையும் சேர்வதால், முன்பு விரும்பிப் படித்த ஆசிரியரின் நூலும் சுவையற்றதாகத் தோன்றும்.

இதன் விளைவு படிப்பையே அடையாளமாகக் கொண்டவர்களிடம் கடுமையாக உள்ளது. பொதுத்தேர்வுக்குப் படிக்கும் மாணவர், ஆசிரியர், எழுத்தாளர் போன்றோர் தம் அறிவே அழிந்துவிட்டது என்று அஞ்சுகின்றனர். அந்த அச்சமே தாழ்வுணர்ச்சியைப் பெருக்கி நோயை மேலும் வளர்க்கிறது. சோர்வு நீங்கத் தொடங்கும்போது வாசிப்புத் திறனும் பெரும்பாலும் படிப்படியாகத் திரும்புகிறது. சிலருக்கு மனநிலை தெளிந்த பின்னரும் கவனக்குறைவு சில காலம் நீடிப்பதுண்டு. எனவே துயரம் குறைந்ததும் பழைய வேகத்தில் படிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பொருத்தமன்று.

எழுச்சிக் காலம்

எழுச்சிக் காலத்தில் வாசிப்பு மிகுந்தது போலத் தோன்றும். ஒரே நேரத்தில் பல நூல்கள் திறக்கப்படும், எதுவும் முடிக்கப்படாது. தகுதிக்கு மீறி நூல்கள் வாங்கப்படுவதும், வரிதோறும் அடிக்கோடிடப்படுவதும், தொடர்பற்ற செய்திகளிடையே மறைபொருள் காணப்படுவதும் உண்டு. இரவு முழுவதும் விழித்திருந்து படிப்பது இங்கே தனிக் கவனத்துக்குரியது. உறக்கக் குறைவு எழுச்சி நிலையின் அறிகுறி மட்டுமன்று. அதைத் தூண்டும் காரணியும் ஆகும்.

மருந்துகளின் விளைவு

1949இல் ஆத்திரேலிய மருத்துவர் சான் கேடு லித்தியத்தின் பயனை வெளியிட்ட பின் இருமுனையப் பிறழ்வின் சிகிச்சை பெரிதும் மாறியது. லித்தியம் சிலருக்குக் கை நடுக்கத்தைத் தருகிறது. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய உளச்சோர்வு மருந்துகள் அருகிலுள்ள எழுத்தை மங்கலாகக் காட்டலாம். வேறு சில மருந்துகள் தூக்கக் கலக்கம் தருகின்றன. இவற்றை மருத்துவரிடம் சொன்னால் அளவையோ வேளையையோ மருந்தையோ மாற்ற வழியுண்டு. படிக்க முடியவில்லை என்று மருந்தைத் தாமாகவே நிறுத்துவது ஆபத்தானது. குறிப்பாக, லித்தியத்தைத் திடீரென நிறுத்துவது நோய் திரும்புவதற்கு இடந்தரும்.

படித்துப் படித்து வரும் நோய் என்னும் நம்பிக்கை

மிகுதியாகப் படித்தால் மூளை குழம்பிவிடும் என்னும் நம்பிக்கை தமிழ்நாட்டு ஊர்களில் பரவலாகக் கேட்கப்படுவதாகும். இது தமிழருக்கு மட்டும் உரியதன்று. 1621இல் உளச்சோர்வு பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்ட ஆங்கிலேயர் இராபர்ட்டு பர்ட்டனும், கற்றோரின் துயர நோய்க்கு ஓயாத படிப்பை ஒரு காரணமாகக் கூறினார்.

இன்றைய மருத்துவம் வாசிப்பை மனநிலைக் கோளாறின் காரணமாகக் கொள்வதில்லை. மரபுக்கூறுகள், மூளையின் செயற்பாடு, இழப்பு, நெருக்கடி ஆகியவை ஒன்றுகூடி இந்நோயைத் தோற்றுவிக்கின்றன. நோய் தொடங்கும் காலத்தில் இரவெல்லாம் படிப்பதைக் காணும் குடும்பத்தினர், விளைவைக் காரணமாக எண்ணிக்கொள்கின்றனர். சில வீடுகளில் இதனால் நூல்கள் பறிக்கப்படுகின்றன. மீளும் காலத்தில் ஒருவருக்குத் துணையாக இருக்கக்கூடிய ஒன்று அவ்வாறு அவரிடமிருந்து அகற்றப்பட்டு விடுகிறது.

நூல்வழிச் சிகிச்சை

நூல்களை நோயாளிக்கு உதவியாகத் திட்டமிட்டுப் பயன்படுத்துவது நூல்வழிச் சிகிச்சை எனப்படும். இதற்குரிய ஆங்கிலச் சொல்லை 1916இல் அமெரிக்க எழுத்தாளர் சாமுவேல் குரோதர்சு ஒரு கட்டுரையில் பயன்படுத்தினார். முதல் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவ மருத்துவமனைகளில் நூலகங்கள் அமைக்கப்பட்டன.

இன்று இது இரு வகைப்படும். முதலாவது, அறிதல்-நடத்தைச் சிகிச்சையின் படிகளைப் பயிற்சிகளோடு விளக்கும் தன்னுதவி நூல்களை வாசிப்பது. மிதமான உளச்சோர்வுக்கு இது பயன் தருவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. மருத்துவரோ பயிற்சி பெற்றவரோ இடையிடையே வழிகாட்டும்போது பயன் கூடுகிறது. இங்கிலாந்தில் 2013 முதல் இத்தகைய நூல்களின் பட்டியல் பொது நூலகங்கள் வழியாக வழங்கப்படுகிறது. இரண்டாவது, கதை, கவிதை போன்ற இலக்கியங்களைத் தனியாகவோ குழுவாகவோ வாசிப்பது. இதற்கான சான்றுகள் முதல் வகையைக் காட்டிலும் குறைவு. ஆயினும் தனிமையைக் குறைப்பதில் இதன் பங்கு பலரால் உணரப்பட்டுள்ளது.

காவிரிப் படுகையின் நூலக மரபு

சரசுவதி மகால்

தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம் நாயக்கர் காலத்து அரண்மனை நூலகத்திலிருந்து வளர்ந்ததாகும். 1798 முதல் 1832 வரை ஆண்ட மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி இதனைப் பெரிதும் விரிவாக்கினார். ஓலைச்சுவடிகளோடு ஐரோப்பிய மொழி நூல்கள் 4000க்கு மேல் அவரால் சேர்க்கப்பட்டன. தன்வந்தரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தையும் அவரே நடத்தினார். அங்கே கண் நோயாளிகளுக்கு அளிக்கப்பட்ட சிகிச்சையின் குறிப்பேடுகள் இன்றும் கிடைக்கின்றன. அவர் காலத்தோடு தொடர்புடைய மருத்துவ முறைகள் பிற்காலத்தில் நூல்களாக அச்சேறின. 1918இல் இந்நூலகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. மன்னர் ஒருவருக்கு இருந்த வாசிப்பு வாய்ப்பு அதன்பின் எவருக்கும் உரியதாயிற்று.

ரங்கநாதனும் மாட்டுவண்டி நூலகமும்

இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி இரா. ரங்கநாதன் (1892–1972) இப்படுகையில் பிறந்தவர். கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். நூல்கள் பூட்டி வைப்பதற்கு அல்ல என்பதும், ஒவ்வொரு வாசகருக்கும் பொருந்தும் நூலைச் சேர்ப்பிப்பது நூலகத்தின் கடமை என்பதும், வாசகரின் நேரம் வீணாகலாகாது என்பதும் அவற்றின் சாரமாகும்.

அதே 1931இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சியால் மாட்டுவண்டி நூலகம் ஒன்று தொடங்கப்பட்டது. நூல்களை ஏற்றிய வண்டி ஊர் ஊராகச் சென்றது. நூலகத்துக்கு வர இயலாதவரைத் தேடி நூல் செல்ல வேண்டும் என்பதே இதன் அடிப்படை. 1948இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்கும் ரங்கநாதனின் உழைப்பே அடித்தளமாயிற்று. வீட்டைவிட்டு வெளியே வர மனமில்லாத உளச்சோர்வு நோயாளிக்கு வண்டி நூலகத்தின் கருத்து நேரடியாகப் பொருந்துகிறது. தமிழ்நாட்டில் 2022இல் அறிமுகமான நூலக நண்பர்கள் திட்டமும், தன்னார்வலர் வழியாக வீடுகளுக்கு நூல்களைக் கொண்டு செல்லும் நோக்கம் உடையது.

கேட்கும் வாசிப்பு

தஞ்சைப் பகுதியில் வாசிப்பு கண்ணால் மட்டும் நிகழ்ந்ததன்று. கோயில் திண்ணைகளிலும் மண்டபங்களிலும் பாரதமும் இராமாயணமும் ஒருவர் படிக்கப் பலர் கேட்டனர். மராத்தியர் வழிவந்த கதாகாலட்சேபத்தைத் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் தமிழில் வளர்த்தார். தேநீர்க் கடைகளிலும் படிப்பகங்களிலும் நாளிதழை உரக்கப் படிக்கும் வழக்கமும் இருந்தது. எழுத்தில் கவனம் நிற்காத காலத்தில் பிறர் படிக்கக் கேட்பது எளிதாக அமையலாம் என்பதால் இம்மரபு இன்றும் பயனுடையது.

இலக்கியச் சான்று

கும்பகோணத்தைச் சேர்ந்த எழுத்தாளர் எம். வி. வெங்கட்ராம் (1920–2000) எழுதிய காதுகள் என்னும் புதினம் 1993ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருதைப் பெற்றது. ஓயாமல் காதுக்குள் குரல்களைக் கேட்கும் ஒருவரின் வாழ்க்கையைக் கூறும் இப்புதினம், ஆசிரியரின் சொந்தப் பட்டறிவை அடிப்படையாகக் கொண்டது. குரல் கேட்டல் பல மனநோய்களில் காணப்படுவது. கடும் உளச்சோர்விலும் எழுச்சியிலும்கூட வரக்கூடியது. எனவே இப்புதினத்தை மனநிலைக் கோளாற்றின் சித்திரிப்பு என்றோ ஆசிரியரின் நோய் இன்னது என்றோ முடிவுகட்டுவது சரியன்று. குடும்பத்தாருக்கும் சொல்ல இயலாத மனத்துன்பம் ஒன்று தமிழில் எழுதப்பட்டு, அதே துன்பம் உடையவரால் படிக்கப்படும் நிலையை இது உருவாக்கியது என்பதே இங்குக் குறிப்பிடத்தக்கது.

வாசிப்பைத் தொடரும் முறைகள்

நோய்க் காலத்தில் வாசிப்பைக் காத்துக்கொள்ளக் கீழ்க்காணும் முறைகள் உதவும்.

அளவு: பக்கக் கணக்கை விடுத்து 5 அல்லது 10 நிமிடம் என்று நேரத்தை வரையறுப்பது நல்லது. ஒரு பத்தியோடு நிறுத்தினாலும் அது தோல்வியாகாது.

தேர்வு: சிறுகதை, நாட்டார் கதை, பயண நூல், சிறுவர் நூல் போன்ற குறுகிய வடிவங்கள் ஏற்றவை. முன்பே படித்த நூலை மீண்டும் படிக்கும்போது நினைவாற்றலின் சுமை குறைகிறது.

முறை: பென்சிலால் வரியைத் தொடர்தல், வாய்விட்டுப் படித்தல், படித்ததை ஒரு வரியில் குறித்துவைத்தல் ஆகியவை கவனத்தைத் தாங்கும்.

நேரம்: எழுச்சி நிலைக்கு ஆளாகக் கூடியவர் இரவில் குறித்த நேரத்தில் நூலை மூடுவது கட்டாயம். ஒளிரும் திரையில் படிப்பதை இரவில் தவிர்க்க வேண்டும். வாங்கும் நூல்களின் எண்ணிக்கை திடீரென உயர்ந்தால் அதைக் குடும்பத்தினரும் மருத்துவரும் முன்னறிகுறியாகக் கருதலாம்.

பொருள்: தற்கொலையை விரிவாகவோ கவர்ச்சியாகவோ கூறும் நூல்களைக் கடும் சோர்வுக் காலத்தில் ஒத்திவைப்பது பாதுகாப்பானது.

குடும்பத்தினர் செய்யத்தக்கது, படி என்று வற்புறுத்துவதன்று. அருகில் அமர்ந்து இரண்டு பக்கம் படித்துக் காட்டுவதும், நூலகத்துக்குத் திருப்பவேண்டிய நூலைத் தாமே கொண்டுபோய்க் கொடுப்பதும் பெரும் உதவியாகும். மாணவராயின் பள்ளி, கல்லூரிக்கு நிலைமையைத் தெரிவித்துக் கால நீட்டிப்புக் கேட்கலாம்.

வரம்புகளும் மருத்துவ உதவியும்

நூல் மருந்துக்கு மாற்றாகாது. கடும் உளச்சோர்வுக்கும் எழுச்சி நிலைக்கும் மனநல மருத்துவரின் சிகிச்சை இன்றியமையாதது. படுகையில் குடும்பங்களின் வருவாய் காவிரி நீரையும் பருவமழையையும் சார்ந்துள்ளது. குறுவைக்கு நீர் பிந்தும் ஆண்டுகளிலும், 2018ஆம் ஆண்டு நவம்பரில் வீசிய கசா புயல் போன்ற பேரழிவுகளுக்குப் பின்னரும் ஏற்படும் கடனும் இழப்பும் உளச்சோர்வைத் தூண்டக் கூடியவை. அத்தகைய துயரத்தை ஊக்கமூட்டும் நூல் ஒன்றால் தீர்த்துவிடலாம் என்று கூறுவது நோயாளியின் மேல் பழியைச் சுமத்துவதாகவே முடியும்.

மனநோய் கண்டவரைக் காவிரிக் கரையிலுள்ள குணசீலம் பெருமாள் கோயிலுக்கு அழைத்துச் சென்று தங்கவைக்கும் வழக்கம் இப்பகுதியில் உள்ளது. வழிபாட்டோடு மருத்துவத்தையும் தொடர்வதே நன்மை தரும். 2018ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, அரசு மனநலச் சேவைகளைப் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியுள்ளது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை அளிக்கப்படுகிறது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உள்ளது. 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானசு சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தற்கொலை எண்ணம் தோன்றினால் காத்திருக்காமல் உடனே உதவி நாட வேண்டும்.

மீள்நிலையை அளக்கப் பல அளவுகோல்கள் மருத்துவத்தில் உண்டு. அவற்றோடு, முன்பு பொருள் விளங்காமல் மூடிய பக்கத்தை மீண்டும் திறந்து படித்து, அதில் கூறப்பட்டதைப் பிறருக்குச் சொல்ல முடிவதும் நோயாளி தாமே அறியக்கூடிய அடையாளங்களுள் ஒன்றாகும்.