இடது காலின் சத்தம்

முழங்காலில் ஏ.சி.எல். சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் சில மாதங்கள் கழித்து முதன்முதலாக ஐஸில் இறங்கும்போது ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். வீட்டுப் படியிறங்கும்போது முனகுகிற அதே முழங்கால், ரிங்கில் சறுக்கும்போது வாயே திறக்காது. எனக்கும் அப்படித்தான். ஸ்கார்பரோவில் பொதுச் சறுக்கல் நேரத்தில், ஸ்டிக்கும் பக்கும் இல்லாமல், பிள்ளைகளோடு பிள்ளையாகச் சில சுற்றுகள். வெளியே வந்தபோது குணமாகிவிட்டேன் என்றே மனம் சொன்னது. என் பிசியோவிடம் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மலர்ச்சியும் இல்லை.

“ஐஸில் நொண்டினால் யாருக்கும் தெரியாது, உங்களுக்கே தெரியாது. அடுத்த முறை காதால் கேளுங்கள்” என்றார்.

கேட்டேன். வலது காலால் உந்தும்போது பிளேடு ‘கர்ர்ர்’ என்று நீளமாக ஐஸைக் கீறியது. இடது காலுக்கு வெறும் ‘கர்’.

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் கால் தரையில் வந்து மோதும். பலவீனமான கால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். சறுக்கலில் அந்த மோதல் இல்லை. நல்ல கால் நீளமாக உந்தும், மற்றது அந்த வேகத்தில் ஓசிப் பயணம் செய்யும். அதனால்தான் ஹாக்கிக்காரர்கள் தாங்கள் தயார் என்று சீக்கிரமே நம்பிவிடுகிறார்கள்.

ஏ.சி.எல். என்பது தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டின் நடுவே குறுக்காகப் பிணைக்கும் தசைநார். கீழெலும்பு முன்னால் நழுவாமலும் மூட்டு அளவுக்கு மீறித் திருகாமலும் அது பார்த்துக்கொள்கிறது. உதைபந்தாட்டத்தில் சப்பாத்து தரையைப் பிடித்துக்கொள்ள, உடம்பு மட்டும் திரும்பும்போது அது கிழிகிறது. ஐஸில் பிளேடு வழுக்கிக் கொடுத்துவிடும். ஆகவே ஹாக்கியில் அதிகம் அடிபடுவது முழங்காலின் உள்பக்கத் தசைநார்; அது பெரும்பாலும் கத்தி படாமலே ஆறிவிடும். பிளேடு மாட்டிக்கொண்டால் கதை வேறு.

நான் டிஃபென்ஸ் ஆடுபவன். எதிரணிக்காரனைப் பார்த்தபடியே பின்னோக்கிச் சறுக்கி, சட்டென்று இடுப்பைத் திருப்பி அவனோடு முன்னோக்கிப் பாயவேண்டும். ஆட்டம் முடியும் நேரம், ஐஸ் முழுக்கக் கீறல். அந்தத் திருப்பத்தில் இடது பிளேடு ஒரு பள்ளக்கோட்டில் சிக்கியது. ஸ்கேட் சப்பாத்து கணுக்காலை அசையவிடாமல் இறுக்கியிருக்கும், திருகல் முழுவதும் மேலே முழங்காலுக்குப் போய்விட்டது. என்னை யாரும் தொடவேயில்லை.

எங்களுடையதைப் போன்ற லீக்கை இங்கே பீர் லீக் என்பார்கள். வேலை, பிள்ளைகள், வீட்டுக்கடன் எல்லாம் உள்ளவர்கள் இரவு பத்தரைக்குப் பிறகு கிடைக்கும் நேரத்தில் ஆடுவது. உடம்பால் மோதுவது விதிப்படி தடை. “நாப்பது வயசு தாண்டினவனுக்கு உந்த விளையாட்டு என்னத்துக்கு?” என்று கேட்ட அம்மாவிடம் இந்த விதியைச் சொல்லிப் பார்த்தேன். “மோதாமலே இப்படியெண்டால்...” என்று பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சத்திரசிகிச்சை நிபுணர் என் தொடையின் பின்புறத் தசைநாணில் ஒரு பகுதியை எடுத்து, மடித்து, எலும்புகளில் துளையிட்டுப் பொருத்தினார். முழங்காற்சில்லுக்குக் கீழே உள்ள தசைநாணை எடுப்பதும் உண்டு. எங்கள் கோலி, அதாவது கோல் காப்பவன், தனக்கு ஒருநாள் வந்தால் அது வேண்டாம் என்பான். சரியான கதைதான்: அந்த முறையில் பிறகு முழந்தாளிடும்போது வலிக்கக்கூடும், அவனுக்கோ ஆட்டம் முழுக்க முழந்தாளில் விழுந்தெழும்புவதே வேலை.

வைத்த துண்டுக்கு முதலில் இரத்த ஓட்டம் கிடையாது. உடல் அதைக் கொஞ்சம் கரைத்து, நாளங்களை உள்ளே அனுப்பி, புதிதாகக் கட்டிக்கொள்ள வேண்டும். அதனால் பொருத்திய நாளைவிட, ஏறத்தாழ 6 முதல் 12 வாரங்களில்தான் அது மிகவும் நலிந்திருக்கும். வீக்கம் வற்றி ஆள் உற்சாகமாக நடமாடத் தொடங்குவதும் அதே வாரங்களில்தான். முழுதாக முதிர ஓராண்டுக்கு மேலாகும்.

டிரெஸ்ஸிங் ரூமில் இதெல்லாம் எடுபடாது. “மெக்டேவிட் ஆறு மாசத்தில வந்திட்டான் மச்சான், உனக்கென்ன?” என்பார்கள். ஹாக்கி நட்சத்திரம் கானர் மெக்டேவிட் 2019 ஏப்ரல் 6ஆம் தேதி கல்கரியில் கோல் கம்பத்தில் மோதியதும், அக்டோபரில் புதிய பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டதும் உண்மை. ஆனால் அவருக்குக் கிழிந்தது பின்பக்கத்து பி.சி.எல். தானாக ஆறும் சக்தி அதற்கு அதிகம். அவர் சத்திரசிகிச்சையைத் தவிர்த்து, கோடை முழுவதும் ஒரு பட்டாளமே உடனிருக்கப் பயிற்சி செய்தார். எனக்குப் பொருந்துகிற ஆள் மின்னசோட்டா அணியின் தலைவராயிருந்த மிக்கோ கோய்வு. 2019 பெப்ரவரியில் ஏ.சி.எல்.லும் மூட்டுக் குருத்தெலும்பும் கிழிந்தபோது அவருக்கு 35 வயது. அவரும் அந்த அக்டோபரில் திரும்பினார். முழுநேரமும் முழங்காலுக்கே வேலை செய்யக்கூடிய மனிதருக்கு அது எட்டு மாதம். பழைய நட்சத்திரம் பாபி ஓருக்கு இன்றைய சத்திரசிகிச்சை வசதிகூட இருக்கவில்லை. திரும்பத் திரும்பக் கத்திபட்ட இடது முழங்காலோடு 1978இல், 30 வயதில், அவர் ஓய்வுபெற்றார்.

எனக்கோ பட்டாளம் இல்லை. ஒன்ராறியோவின் பொது மருத்துவக் காப்புறுதி சத்திரசிகிச்சைக்கு ஒரு சதமும் கேட்கவில்லை. ஆனால் அன்றே வீட்டுக்கு அனுப்பப்படுகிற என் வயதுக்காரனுக்கு, அதன்பின் வெளியே செய்யும் பிசியோவுக்கு அது பொதுவாகக் கொடுப்பதில்லை. வேலையிடக் காப்புறுதி, அது தீர்ந்தால் சொந்தப் பணம். சில மணித்தியால வேலைக்குப் பணம் உண்டு, ஒரு வருட வேலைக்கு இல்லை என்கிற கணக்கு எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அந்த ஒரு வருடத்தில் என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2016இல் வெளிவந்த நோர்வே ஆய்வு ஒன்றை என் பிசியோ அடிக்கடி எடுத்துக்காட்டுவார். திடீர்த் திருப்பங்கள் உள்ள விளையாட்டுக்குத் திரும்புவதை 9 மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் முழங்கால் மறுபடி அடிபடும் வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்ததாம். அதைவிட என்னை உறுத்தியது இன்னொரு கணக்கு. வலுச் சோதனைகளில் தேறிய பிறகு ஆடப் போனவர்களில் 5.6 சதவீதம் பேருக்கே மறுபடி அடிபட்டது. தேறாமல் போனவர்களில் 38.2 சதவீதம். சோதனை என்றால் பெரிய மர்மமில்லை. ஒற்றைக் காலில் எவ்வளவு தூரம் தாவுகிறாய், தொடையின் முன்தசை எவ்வளவு பாரம் தள்ளுகிறது, நல்ல காலின் 90 சதவீதத்தையாவது மற்றது எட்டுகிறதா. என் இடது தொடை வெகுகாலம் எட்டவில்லை. காற்சட்டைத் துணி அந்தப் பக்கம் மட்டும் தொளதொளவென்று ஆடியது.

ஐஸிலும் பரீட்சை உண்டு. நேராகச் சறுக்குவது அதில் சேராது. நிறுத்துவதுதான் பரீட்சை. வேகமாக வந்து, இரண்டு ஸ்கேட்டையும் குறுக்கே திருப்பி, ஐஸ் தூள் பறக்க நிற்பது. வலப்பக்கம் திரும்பி நின்றால் முன்னே வரும் இடது கால்தான் பாரத்தின் பெரும்பகுதியை வாங்கவேண்டும். என் கால் மெல்ல வளைந்து நழுவப் பார்க்கும், பாரத்தை வாங்காது. கால் மேல் கால் போட்டு வளைவில் திரும்புவது, பின்னோக்கிச் சறுக்குவது, கடைசியில் முழங்காலைக் கிழித்த அந்தத் திருப்பம் என்று ஒவ்வொன்றாக, பக் இல்லாமல், ஆட்கள் இல்லாமல், பிறகு பக்கோடு, பிறகு ஆட்களோடு. பக் வந்ததும் கண் கீழே போகும், முழங்காலைப் பற்றிய யோசனை அறுந்துவிடும். அப்போது கால் தானாகச் செய்வதுதான் கணக்கு.

பயத்துக்கும் மருத்துவர்கள் ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறார்கள். முழங்காலை நினைக்காமல் ஆடமுடியுமா என்பது போன்ற கேள்விகள். நான் அதில் நெடுநாள் குறைந்த மதிப்பெண்தான். லீக்குக்குத் திரும்பிய பிறகும் சில வாரங்கள் அடிபட்ட அந்த மூலைக்கு மட்டும் அரை வேகத்தில்தான் போனேன். அணியில் எல்லாரும் கவனித்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இப்போது அக்காவின் மகனுக்கு அதே ஏ.சி.எல். பதினேழு வயது, மோதி ஆடும் லீக். சத்திரசிகிச்சை முடிந்து ஏழு மாதம்.

“தம்பி, கோச் பிளேஆஃபுக்குக் கேக்கிறார், விடட்டோ?” என்று தொலைபேசியில் அக்கா கேட்டார்.

25 வயதுக்குள் திரும்ப ஆடப்போகிறவர்களில் நாலில் ஒருவருக்குக் கிட்ட இந்தக் காலிலோ மற்றக் காலிலோ மறுபடி கிழிகிறது என்று சொன்னேன். மருமகன் தொலைபேசியைப் பறித்து, “கால் நோகேல்லை மாமா” என்றான். நோவதைப் பற்றிக் கேட்கவில்லை, இரண்டு பக்கமும் நிற்பதை வீடியோ எடுத்து அனுப்பு என்றேன். அனுப்பினான். ஒரு பக்கம் அழகாக நின்றான், மறுபக்கம் அரைவட்டம் அடித்துத் தப்பினான்.

இந்தப் பருவம் அவன் ஆடவில்லை. கட்டிய லீக் காசு திரும்பி வராதாம், அக்காவுக்கு என்மேல் அந்தக் கோபம் வேறு.