கழக்கூட்டத்தில் ஒரு மதில் எழும்புது… உள்ளே வாங்க!

ரோட்டில் போகிறவர்களுக்கு மதில் என்றால் பெயிண்ட் அடித்த வெளிப்பக்கம் மட்டும்தான். அதைக் கட்ட யார் யாரிடம் என்ன பேரம் பேசினார்கள், எந்த மூலையில் டீ கிளாஸ் உடைந்தது, எந்தக் கணக்கு ராத்திரி பதினோரு மணிக்குத் திருத்தப்பட்டது என்பதெல்லாம் உள்பக்கத்துச் சமாச்சாரம். அந்த உள்பக்கத்துக்குள் நுழைய எனக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது! திருவனந்தபுரம் டெக்னோபார்க்கிலிருந்து கூப்பிடு தூரத்தில், நாகர்கோவிலிலிருந்து வந்து வீடு கட்டிய ஒரு குடும்பம். வீடு முடிந்துவிட்டது, மதில் பாக்கி. வாங்க, செருப்பை வெளியே விடுங்க. உள்ளே நிறைய இருக்கிறது.

முதல் காட்சி, சாப்பாட்டு மேஜை. அதில் சாப்பாட்டுக்கு இடமே இல்லை. வில்லேஜ் ஆபீஸில் வரி கட்டிய ரசீதின் மேல் பறக்காமல் இருக்க ஒரு உடைந்த சிமெண்ட் கட்டைத் துண்டு. பக்கத்தில் இன்ச் டேப், பாதி காலியான நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட், ஒரு லேப்டாப், ஒரு 80 பக்க நோட்டு. லேப்டாப் மருமகளுடையது. நோட்டு மாமியாருடையது, இனி நமக்கும் அவர் அத்தைதான்; முன்பக்கங்களில் பால் கணக்கு, பின்பக்கத்தைத் திருப்பினால் மதில் கணக்கு. மருமகளுக்கு ஐடி கம்பெனியில் டெஸ்டிங் வேலை. “பக் கண்டுபிடிக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். கொட்டேஷன்ல விட்டுருவேனா?” என்று கண்ணடிக்கிறார்.

மனை 6 சென்ட். ரோட்டுப் பக்கம் 44 அடி, உள்ளே 59 அடி. இடப்பக்கம் ஏற்கெனவே பக்கத்து வீட்டு மதில் நிற்கிறது, அங்கே செலவில்லை. முன்பக்கத்தில் 12 அடி கேட்டுக்குப் போனால் 32 அடி. வலப்பக்கம் 59 அடி. ஆக, கட்டவேண்டியது 91 அடி நீளம். பின்பக்கம் செம்பருத்தியும் சீமைக்கொன்றையும் நெருக்கி வளர்ந்த உயிர்வேலி. அதை எடுத்துவிட்டுக் கம்பிவலை போடலாமா என்று பேச்சு வந்தபோது அத்தை நோட்டைப் படாரென்று மூடினார். “பூப்பறிக்க நான் எங்க போவேன்?” அதோடு அந்த வரி பட்ஜெட்டிலிருந்து காணாமல் போனது. எனக்கு உள்ளுக்குள் கைதட்டத் தோன்றியது.

அடுத்தது உயரம். அத்தைக்கு 6 அடி வேண்டும், மருமகளுக்கு 5 அடி போதும். லேப்டாப்பில் தட்டிப் பார்த்தார்கள். ஒரு அடி குறைத்தால் 91 சதுர அடி மிச்சம், நூற்றுக்கும் மேல் கட்டை மிச்சம், பூச்சும் பெயிண்டும் அந்த அளவுக்கு மிச்சம். அத்தை ஜன்னல் பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு, “சரி, அஞ்சு அடின்னா ரோட்டுல யாரு போறான்னு எனக்கும் தெரியும்” என்று ஒத்துக்கொண்டார். ஒரு பெரிய செலவு எவ்வளவு சுலபமாக இறங்கிவிட்டது பாருங்கள்!

கொத்தனார் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர், காலை பாசஞ்சர் ரயிலில் வந்து இறங்குகிறவர். காதில் பென்சில், தோளில் துண்டு. “கேட்டியளா அக்கா, மொதல்ல கல்லக் கண்டுபிடிக்கணும். கல்லு கெடைக்காம நான் நூலு புடிக்க மாட்டேன்” என்றார். அவர் சொன்னது சர்வே கல். கணக்குப் போட்ட மேஜையை விட்டு எல்லோரும் மனையின் வலது மூலைக்கு ஓடினோம்.

அந்த மூலையில் இருந்தது என்ன தெரியுமா? தேங்காய் மட்டைக் குவியல், உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, வீடு கட்டியபோது மிஞ்சிய டைல்ஸ், யாருடையது என்றே தெரியாத ஒரு குடை. எல்லாவற்றையும் தள்ளிவிட்டுக் கடப்பாரையால் குத்திக் குத்திப் பார்த்தார் கொத்தனார். பொத், பொத், பொத்… ணங்! அந்தச் சத்தம் கேட்டதும் நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் கத்திவிட்டோம். மண்ணைத் தள்ளினால் கல் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. “மஞ்சள் பெயிண்ட் இல்லியே?” என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல். வலப்பக்கத்து வீட்டு சார்தான். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சில்வர்லைன் ரயில் பாதைக்கு மஞ்சள் கல் நடப்போய், 2022 ஏப்ரலில் இங்கே பக்கத்துக் கணியாபுரம் பகுதியில் பெரிய தள்ளுமுள்ளே நடந்தது. அடுத்த மாதமே கல் நடுவதை விட்டுவிட்டு ஜிபிஎஸ் அடையாளத்துக்கு அரசு மாறியது. இந்த ஊரில் மண்ணுக்குள்ளிருந்து ஒரு கல் வந்தால், அந்த ஞாபகம் வராமல் இருக்குமா?

சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். தும்பாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவிலிருந்து முதல் ராக்கெட் பறந்த அதே தும்பா, இங்கிருந்து கொஞ்ச தூரம்தான். அவர் கையில் தண்ணீர் நிரப்பிய ஒரு நீளக் குழாய்; மட்டம் பார்க்க அவரே கொண்டுவந்தது. கொத்தனாரும் அவரும் குழாயின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு, “கொஞ்சம் மேல… போதும், போதும்” என்று பத்து நிமிடம் விளையாடினார்கள். வியர்வை சொட்டச் சொட்ட, இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம்.

அந்தக் குழாயை வைத்தபிறகுதான் பட்ஜெட்டின் பெரிய திருப்பம் வந்தது. திண்ணையில் டீ, தட்டில் சுடச்சுடப் பழம்பொரி. 59 அடி மதிலை முழுக்க இந்தப் பக்கத்து மனைக்குள் கட்டுவதா, எல்லைக்கோடு நடுவில் வர இரண்டு வீட்டுக்கும் பொதுவாகக் கட்டுவதா? எல்லோரும் கேட்கத் தயங்கினார்கள். மருமகள் லேப்டாப்பைத் திறந்து மூடினார். அத்தை பழம்பொரித் தட்டை சார் பக்கம் இரண்டு தடவை நகர்த்தினார். கடைசியில் சாரே, “மோளே, கோடு நடுவில போகட்டே. பாதி நான் தராம்” என்றார். அத்தை பேனா தேடிய வேகம் இருக்கிறதே! பாதி என்றால் சுமார் 42,000 ரூபாய். கட்டை விலையில் எத்தனை நாள் பேரம் பேசினாலும் இந்தத் தொகை இறங்காது. மதில் பட்ஜெட்டில் மிகப் பெரிய பணம் கடையில் மிச்சமாவதில்லை, இந்தத் திண்ணையில்தான் மிச்சமாகிறது. சண்டை போட்டுக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டு மதில் கட்டியதை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். அதனால்தான் அந்த டீ எனக்கு அவ்வளவு ருசித்தது. பேசியதை அன்றைக்கே ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அதுவும் நல்லது.

ரோட்டை ஒட்டிய 32 அடிக்கு மாநகராட்சி அனுமதி வேண்டும். கழக்கூட்டம் பஞ்சாயத்தாக இருந்தது. 2010இல் திருவனந்தபுரம் மாநகராட்சியோடு சேர்ந்தது. 2024 ஜனவரி 1 முதல் மாநகராட்சி, நகராட்சிகளின் பல வேலைகள் கே-ஸ்மார்ட் என்ற இணையச் சேவைக்கு வந்துவிட்டதால், வீட்டுக்காரர் லுங்கியோடு சோபாவில் உட்கார்ந்தபடியே விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் காட்சியில் வேறு விசேஷம் இல்லை, அடுத்ததுக்குப் போவோம்.

கட்டை யார்டு! எனக்குப் பிடித்த இடம் இதுதான். அச்சு இயந்திரம் தடதடவென்று அதிர, ஈரமான கட்டைகள் வரிசையாக இறங்குகின்றன. காற்றெல்லாம் சிமெண்ட் தூசி, வேலை செய்பவர்களின் புருவம்கூட வெள்ளை. ஒருவர் ஹோஸ் பைப்பால் கட்டைகளுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டே ஃபோனில் யாரையோ கொஞ்சிக்கொண்டிருந்தார். யார்டில் எப்போதும் கூட்டம். கழக்கூட்டத்துக்கு வடக்கே தேசிய நெடுஞ்சாலை 66ஐ 45 மீட்டருக்கு அகலப்படுத்தும் வேலையில் முன்மதிலை இழந்த வீடுகள் ஏராளம். பின்னுக்குத் தள்ளிப் புது மதில் எழுப்பவேண்டும், அதற்கெல்லாம் கட்டை வேண்டும்.

மருமகள் ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்தார், ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தார், இடுப்பளவு உயரத்திலிருந்து ஒன்றைக் கீழே போடச் சொன்னார். உடையவில்லை. “நானே போடச் சொல்லியிருப்பேன்” என்று யார்டுக்காரர் பெருமையாகச் சிரித்தார். 16 அங்குல நீளம், 8 உயரம், 6 கனம். 455 சதுர அடிச் சுவருக்கு 512 கட்டை, உடைசலுக்குச் சேர்த்து 540. அன்றைக்கு ஒன்று 45 ரூபாய் சொன்னார்கள், மொத்தம் 24,300.

அத்தை கேட்டார், “வண்டி வீட்டு வாசல் வரைக்கும் வருமா?” யார்டுக்காரர் தலையைச் சொறிந்தார். இந்த ஒரு கேள்வியை எத்தனை பேர் மறந்துவிடுகிறார்கள்! சந்து சின்னது, பெரிய டிப்பர் திரும்பாது. சின்ன வண்டியில் பல நடை என்றால் வாடகை கூடும். நோட்டில் உடனே ஒரு புது வரி ஏறியது.

இறக்குகிற காட்சியைப் பார்க்காமல் போயிருந்தால் எனக்கு வாழ்நாள் வருத்தம். ஒரு கட்டை சுமார் 25 கிலோ. 540 கட்டை என்றால் பதிமூன்றரை டன்! அத்தனையும் கை மாறிக் கை மாறி இறங்குகிறது. சுமட்டுத் தொழிலாளிகளுக்குக் கேரளத்தில் தனிச் சட்டமே உண்டு. வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கூலி கேட்கும் ‘நோக்குகூலி’யை அரசு 2018 மே 1 முதல் தடைசெய்தது. இங்கே நின்றவர்கள் யாரும் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. ஒருவர் வீச, ஒருவர் பிடிக்க, இன்னொருவர் அடுக்க, நடுநடுவே மோகன்லாலா மம்மூட்டியா என்று சண்டை. கடைசிக் கட்டையை வைத்ததும் அத்தை ஒரு குடம் மோர் நீட்டினார். குடம் காலியாகத் திரும்பியது.

கணக்கு எங்கே கனக்கிறது என்று கொத்தனாரிடம் கேட்டேன். “கல்லுல இல்லக்கா, கையில” என்றார். நோட்டைப் பார்த்தால் உண்மைதான். கட்டை 24,300, அடித்தளத்துக்கு இரண்டு லோடு கருங்கல் 17,000, எம்-சாண்ட் 9,750, சிமெண்ட் 12,000, கம்பியும் ஜல்லியும் 15,000, கூலி 52,500. கூட்டினால் 1,30,550; அதில் ஐந்தில் இரண்டு பங்கு கூலி. ரிசர்வ் வங்கியின் 2022-23 கணக்குப்படி கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி கேரளத்தில் 852.50 ரூபாய், நாடு முழுக்க 393.30. நாட்டிலேயே உயர்ந்த கூலி இங்கேதான். அதனால்தான் மார்த்தாண்டத்துக்காரர் ரயிலேறி வருகிறார், அதனால்தான் வாணம் தோண்டும் இரண்டு தம்பிகள் வங்காளத்திலிருந்து வந்திருக்கிறார்கள். அந்தத் தம்பிகள் மலையாளத்தில் கேட்க, அத்தை நாஞ்சில் தமிழில் பதில் சொல்ல, வேலை ஒரு தடங்கலும் இல்லாமல் நடக்கிறது. பட்ஜெட்டில் கூலியைக் குறைக்க வீட்டுக்காரர்கள் முயலவே இல்லை. நாட்களை மிச்சப்படுத்தினார்கள்: எல்லாப் பொருளும் வந்து சேர்ந்த பிறகுதான் வேலைக்கு ஆளைக் கூப்பிட்டார்கள். மணல் வரவில்லை என்று கொத்தனார் சும்மா உட்கார்ந்த நாள் ஒன்றுகூட இல்லை. மாமியார் போட்ட சட்டம் அது.

வாணத்துக்குள் கருங்கல் விழுகிற சத்தம், கலவைச் சட்டி கை மாறுகிற வேகம், வியர்வையில் ஒட்டிய சட்டைகள். சாந்து சுமக்கும் மைக்காடு சேச்சி இந்தக் கூட்டத்தின் உயிர். 2019 ஜனவரி 1 அன்று காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை 620 கிலோமீட்டருக்குப் பெண்கள் கைகோத்து நின்ற ‘வனிதா மதில்’ பற்றிப் பேச்சு வந்தது. சேச்சி சட்டியை இறக்கிவைத்துவிட்டு இடுப்பில் கைவைத்தார். “மதிலு கட்டறது மட்டுமில்ல, மதிலாவே நான் நின்னிருக்கேன்!” கொத்தனார் உட்பட எல்லோரும் கும்பிட்டோம்.

அடிவரிசையில் ஒரு விஷயத்தை சார் விடாப்பிடியாகச் சொன்னார்: தண்ணீர் போக பைப்புத் துண்டு வையுங்கள். 2023 அக்டோபர் மழையில் தெற்றியாறு பொங்கி டெக்னோபார்க் பக்கமெல்லாம் வெள்ளம் நின்றதை இந்த ஊர் மறக்கவில்லை. மதிலுக்கு ஒரு பக்கம் தண்ணீர் தேங்கி அழுத்தினால் சுவர் சாயும். சில நூறு ரூபாய்க்கு வெட்டிய பைப்புத் துண்டுகள் வரிசையாகச் செருகப்பட்டன. அடுத்த வீட்டுப் பையன் ஒவ்வொன்றிலும் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே போனான்.

கேட் செய்யும் வெல்டிங் ஷெட்டில் உட்கார இடமில்லை, பாதி முடிந்த கேட்டுகள்மேல்தான் சாய்ந்து நின்றோம். பொறி பறக்கிறது, ரேடியோ பாடுகிறது. ஆல்பத்தைப் புரட்டினால் மயில், தாமரை, சூரியன், சிங்க முகம்கூட உண்டு. 12 அடிக்கு 5 அடி, 60 சதுர அடி, சதுர அடி 550 என்று 33,000. மயில் வேண்டுமென்றால் கூட. மருமகளின் கண் மயிலிலேயே நின்றது. அத்தை மெல்லக் கேட்டார், “மயிலு எவ்வளவு?” விலை கேட்டதும் இருவரும் ஒன்றாகப் பக்கத்தைத் திருப்பினார்கள். நேர்க்கம்பி கேட்தான் கடைசியில். பெயிண்டு 15,000, இறக்குகூலிக்கும் வண்டிக்கும் 6,000. எல்லாம் சேர்த்து 1,84,550; சாருடைய பங்கு போக 1,42,550.

கேட் தூணில் விளக்குக்கு வயர் போக பைப் வைத்தாயிற்றா என்று எலக்ட்ரீஷியன் ஓடிவந்து கேட்டது, பூச்சு தொடங்குவதற்குச் சற்று முன்னால். நல்ல வேளை! பூசிய பிறகு கேட்டிருந்தால் சுவரை உடைத்துத் திரும்பப் பூசவேண்டும்.

அன்று சாயங்காலம் லேப்டாப்பும் நோட்டும் பக்கத்தில் பக்கத்தில். லேப்டாப்பில் 1,42,550. நோட்டில் 1,46,800. மருமகள் வரி வரியாகத் தேடினார், டெஸ்டிங் மூளை விடுமா? 4,250 ரூபாய் எங்கே போனது? அத்தை சிரித்துக்கொண்டே விரலால் ஒரு பக்கத்தைக் காட்டினார். டீ, பழம்பொரி, மோர், வடை, பெங்காலி தம்பிகளுக்கு முட்டை. மருமகள் லேப்டாப்பில் புதிதாக ஒரு வரி சேர்த்தார்.

வாசலில் கொத்தனார் கரண்டியைக் கழுவிக்கொண்டே குரல் கொடுத்தார்: “அக்கா, நாளைக்கு பெயிண்டர்மார் வருவாவ. டீ நாலு கூட்டிப் போடுங்க!”