குளத்துத் திலாப்பியா

பேலியகொடை மத்திய மீன் சந்தையில் கடல் மீன்களோடு விலைப்படும் நன்னீர் மீன் திலாப்பியா. ஆபிரிக்காவுக்குரிய இந்த இனம் 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, குளங்களில் பெருகியது. பொலன்னறுவைப் பராக்கிரம சமுத்திரம் போன்ற பெருங்குளங்களில் இருவர் சிறு தோணியில் போய், மாலையில் செவுள்வலை விரித்து விடியலில் இழுப்பார்கள்.

இனப்பெருக்கத்துக்காக ஆண் மீன் கரையோர ஆழமற்ற நீரில் மணலை வாயால் அள்ளி அள்ளி வட்டக் குழி தோண்டும். பெண் மீன் அங்கே முட்டையிட்டு, உடனேயே அவற்றை வாய்க்குள் எடுத்துக்கொள்ளும். குஞ்சுகள் பொரித்துத் தாமாக நீந்தும்வரை அவை தாயின் வாய்க்குள்தான். அந்நாட்களில் தாய்க்கு இரை மிகக் குறைவு. இப்படிக் காத்து வளர்த்த குஞ்சுகள் பெரிதாகும் முன்னரே சிறுகண் வலை அவற்றையும் வாரிவிடும். அதனால்தான் குளங்களில் வலைக்கண் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது என்ற மிக அவசியமான விதி இருக்கிறது.