"நாங்க கூப்பிடுறோம்"

கேமரன் மலையின் தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் ஹோட்டல், கடை வேலைக்கு நேர்காணலுக்குப் போய்வரும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு சொல்லும் மனப்பாடம். எப்போது கூப்பிடுவார்கள், கூப்பிடாவிட்டால் என்ன அர்த்தம் என்று கேட்க வாய் வராது. வேறு வேலை தேடுவதா, காத்திருப்பதா என்று தெரியாமல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இரண்டு வாரம் ஓடிவிடும்.

விண்ணப்பித்தவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று மலேசியச் சட்டம் எந்த முதலாளியையும் கட்டாயப்படுத்தவில்லை. நம்மவர் நிறைய வாழும் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 2026 ஜனவரி 1 முதல் அப்படியொரு விதி உண்டு. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், விளம்பரம் செய்த வேலைக்கு நேர்காணல் நடத்தினால், ஆளெடுத்தாயிற்றா இல்லையா என்பதை 45 நாளுக்குள் நேர்காணலுக்கு வந்தவருக்குச் சொல்ல வேண்டும். இங்கே அது முதலாளியின் மரியாதையைப் பொறுத்தது.

கேமரன் மலையில் ஆளெடுப்பு என்றாலே நெடுங்காலமாக வாய்ச்சொல்தான். ஜே.ஏ. ரஸ்ஸல் 1929இல் போ (BOH) நிறுவனத்தைத் தொடங்கித் தேயிலை நட்ட காலத்தில், மலாயாத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் திரட்டி வந்தவர் கங்காணி. ஆளுக்கு இவ்வளவு என்று அவருக்குத் தரகு உண்டு. கூட்டிவந்த ஆள் பெரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பில்) நின்று வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு வேறு. அப்படிப்பட்டவர் ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து மலாயாவைப் பற்றி என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிப்பது கடினமில்லை. 1938இல் இந்திய அரசு இந்த ஆளனுப்பலுக்குத் தடை போட்டது.

இன்று தேயிலைச் சரிவுகளில் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனீசியரும் வேலை செய்கிறார்கள். கங்காணியின் இடத்தில் ஏஜெண்டு. 2023 டிசம்பரில் ஜொகூரின் பெங்கராங்கில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். வேலை இருக்கிறது என்ற வாக்கை நம்பி வந்து, மாதக்கணக்கில் வேலையில்லாமல் கிடந்த வங்காளதேசத் தொழிலாளர்கள் புகார் கொடுக்கப் போலீஸ் நிலையத்துக்கு நடந்தே கிளம்பினார்கள். புகார் கொடுக்கப் போன 171 பேர் பிடித்து வைக்கப்பட்டார்கள். பின்னர் தொழிலாளர் இலாகா தலையிட்டதில், 733 பேருக்குச் சுமார் 10 லட்சம் ரிங்கிட் நிலுவைச் சம்பளம் தர முதலாளி ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

ஏஜெண்டு மூலம் வேலை என்றால் முதலில் லைசென்ஸைக் கேட்க வேண்டும். 1981ஆம் ஆண்டின் தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் ஆள் சேர்ப்பவருக்கு 2 லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். உள்நாட்டில் வேலை தேடும் மலேசியரிடம் வாங்கக்கூடிய கட்டணம், முதல் மாத அடிப்படைச் சம்பளத்தில் 25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. நேர்காணலுக்கு முன்பே "பதிவுக் காசு" கட்டச் சொல்லி வாட்ஸ்அப்பில் வங்கிக் கணக்கு எண் வந்தால், பெரும்பாலும் அது மோசடிதான். பணம் போய்விட்டிருந்தால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997க்கு அழைக்க வேண்டும். பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று அடுத்தவர் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வதும் 1966ஆம் ஆண்டின் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம்.

சம்பளப் பேச்சில்தான் தோட்டத்து ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். "கிலோவுக்கு இவ்வளவு" என்று பேசி முடித்துவிட்டால் அதுதான் கணக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. 2025இல் நடைமுறைக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்ச மாதச் சம்பளம், எடைக்கூலிக்கு வேலை செய்பவருக்கும் பொருந்தும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட ஒப்பந்த வேலை என்றால், 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி அது எழுத்தில் இருந்தாக வேண்டும்.

இனி, சட்டத்தில் ஓட்டை உள்ள இடம். வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் 69எஃப் என்ற பிரிவு சேர்ந்தது. வேலையில் பாகுபாடு என்று புகார் வந்தால் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து முடிவு சொல்லலாம். அவர் உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம். ஆனால் பிரிவு பேசுவது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான தகராறைப் பற்றி. வாசலில் நிற்கும் விண்ணப்பதாரர் "தொழிலாளி" என்ற சொல்லுக்குள் வரவில்லை. "மாண்டரின் தெரிந்தவர் மட்டும்" என்ற விளம்பரத்தைப் பார்த்துத் திரும்பிப் போகும் ரிங்லெட் பெண், இந்தப் பிரிவைக் காட்டி வழக்காட முடியாது. பெயரை வைத்தே ஆளைக் கழிப்பதை 2016இல் வெளியான ஓர் ஆய்வு அம்பலப்படுத்தியது: போலி விண்ணப்பங்களில் சீனப் பெயர்களுக்கு மலாய்ப் பெயர்களைவிடப் பன்மடங்கு அழைப்பு வந்தது. இந்தியப் பெயர்களை அந்தச் சோதனையில் சேர்க்கவே இல்லை. அங்கும் நாம் வெளியேதான்.

ஆளெடுப்பது அரசாங்கம் என்றால் கதை வேறு. 2009இல் தற்காலிக ஆசிரியர் பணி கிடைத்த ஒரு பெண், கர்ப்பமாக இருக்கிறார் என்று தெரிந்ததும் பணி ஆணை ரத்தானது. அவர் வழக்குப் போட்டார். 2011இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம், இது அரசியலமைப்பின் 8(2) பிரிவுக்கு எதிரான பாலினப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. தனியார் முதலாளிகளை அந்தப் பிரிவு கட்டாது என்பது வேறு வழக்குகளில் நீதிமன்றங்கள் எடுத்த நிலை.

சேர்ந்த பிறகு, பேசிய சம்பளம் வரவில்லை என்றால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். வக்கீல் வைக்க வேண்டியதில்லை. விசாரணையில் அதிகாரி முதலில் கேட்பது, இவ்வளவு தருவதாகச் சொன்னதற்கு என்ன ஆதாரம் என்றுதான். நேர்காணல் முடிந்து பஸ் ஏறும்போதே, "இன்று பேசியபடி சம்பளம் இவ்வளவு, வேலை இன்ன தேதியில் தொடக்கம், சரிதானே?" என்று மலாயில் ஒரு குறுஞ்செய்தியை மேனேஜருக்குத் தட்டிவிட்டால் போதும். அவர் பதில் போட்டாலும் போடாவிட்டாலும், கேட்ட தேதியும் நேரமும் கைப்பேசியில் இருக்கும்.