சிறு பள்ளிக்கு வேண்டிய தலைமை

மும்பையின் தாராவிப் பகுதியிலுள்ள மாட்டுங்கா லேபர் கேம்ப், பெயருக்கேற்ப உழைப்பாளர் குடியிருப்பாகும். தோல் பதனிடும் தொழிலுக்காகவும் பிற கூலி வேலைகளுக்காகவும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. மராத்திய எழுத்தாளர் அண்ணாபாவ் சாத்தே (1920-1969) பல ஆண்டுகள் வாழ்ந்ததும் இக்குடியிருப்பில்தான். முறையான பள்ளிக் கல்வி இன்றியே அவர் இலக்கியத்தில் நிலைத்த இடம் பெற்றார். ஆனால் அத்தகைய மேதைமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கூலித் தொழிலாளியின் குழந்தைக்கு எழுத்தறிவு பெறப் பள்ளியே வழி. மூன்றாம் வகுப்பை அடைந்தும் வாசிக்கத் தெரியாத குழந்தைக்குப் பின்னர் வரும் பாடங்கள் அனைத்தும் எட்டாதவையாகிவிடுகின்றன.

இத்தகைய குடியிருப்புகளில் திருச்சபைகள் நடத்தும் சிறு ஆரம்பப் பள்ளிகளுக்கு இரண்டு அல்லது மூன்று ஆசிரியர்களே இருப்பர். அவர்களுள் ஒருவரே தலைமையாசிரியர். வருவாய் குறைவு, இடமும் குறைவு. இந்நிலையில் கற்பித்தலின் தரத்தை உயர்த்த இயலுமா என்பதே கேள்வி.

பழைய மரபு

சென்னை எழும்பூரிலிருந்த ஆண் அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை 1789-இல் ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலிக்கன் குரு. நம் திண்ணைப் பள்ளிகளில் மாணவர்கள் மணலில் எழுதிப் பழகுவதையும், மூத்த மாணவர் இளையவருக்குக் கற்றுக் கொடுப்பதையும் கண்டு, அம்முறையை அவர் தம் பள்ளியில் கையாண்டார். சிறுவர்களை அவர்களுடைய தேர்ச்சிக்கேற்பப் பிரித்து, தேர்ச்சி உயர்ந்தவுடன் அடுத்த நிலைக்கு மாற்றினார். 'சென்னை முறை' எனப் பெயர் பெற்ற இது, பின்னர் இங்கிலாந்தின் திருச்சபைப் பள்ளிகளில் பரவியது. மனப்பாடத்திற்கு மிகுந்த இடம் தந்தது இம்முறையின் குறை. எனினும் குழந்தையின் நிலையறிந்து கற்பித்தல் என்னும் கருத்து இன்றும் பயனுடையது.

மும்பையில் கண்ட சான்று

இக்கருத்திற்கு மும்பை நகரிலேயே சான்று உண்டு. 'பிரதம்' என்னும் தன்னார்வ அமைப்பு, மாநகராட்சி ஆரம்பப் பள்ளிகளில் 'பாலசகி' திட்டத்தை நடத்தியது. பள்ளி இறுதிக் கல்வி பெற்ற உள்ளூர்ப் பெண்கள், பின்தங்கிய குழந்தைகள் 15 முதல் 20 பேரைத் தனியே அமர்த்தி, நாள்தோறும் சுமார் இரண்டு மணி நேரம் அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பித்தனர். 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வடோதராவிலும் இத்திட்டத்தை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் உள்ளிட்ட பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்தனர். இவ்விருவரும் 2019-இல் மைக்கேல் கிரமருடன் நோபல் பரிசு பெற்றவர்கள்.

ஆய்வின் முடிவு கவனத்திற்குரியது. பாலசகியிடம் பயின்ற குழந்தைகள் தெளிவான முன்னேற்றம் கண்டனர். அவர்கள் வெளியே சென்றதால் வகுப்பில் எண்ணிக்கை குறைந்தது. எனினும் அங்கேயே தங்கிய குழந்தைகளிடம் அத்தகைய முன்னேற்றம் காணப்படவில்லை. வகுப்பில் தலைகளின் எண்ணிக்கை குறைந்தால் மட்டும் போதாது, பாடம் குழந்தையின் நிலைக்கு இறங்கி வரவேண்டும் என்பதே இதன் பொருள். மாணவர் குறைவாக இருப்பதையே தன் சிறப்பாகக் கருதும் சிறு பள்ளி இதை நன்கு உணர வேண்டும்.

தலைமையாசிரியரின் பணி

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஆரம்பப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும். 150 குழந்தைகளுக்கு மேல் இருந்தால்தான் ஐந்து ஆசிரியர்களுடன் தனித் தலைமையாசிரியர் உண்டு. சிறுபான்மையோர் பள்ளிகளை இச்சட்டம் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. எனினும் இவ்வட்டவணை ஓர் உண்மையைக் காட்டுகிறது: சிறு பள்ளியின் தலைமையாசிரியர் பாடமும் நடத்தியாக வேண்டும், ஓர் ஆசிரியர் பல வகுப்புகளை ஒருங்கே கவனித்தாக வேண்டும்.

ஆகவே அவருடைய தலைமை மூன்று செயல்களில் வெளிப்பட வேண்டும். முதலாவதாக, ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு குழந்தையையும் அருகில் அழைத்து, எழுத்து, சொல், சிறு பத்தி ஆகியவற்றை வாசிக்கச் செய்து, நிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். இதற்கு ஒரு குழந்தைக்குச் சில நிமிடங்களே போதும். இரண்டாவதாக, நாளில் ஒரு பகுதியை ஒதுக்கி, வகுப்பு வேறுபாடின்றி வாசிப்பு நிலைப்படி குழந்தைகளைக் குழுக்களாக்க வேண்டும். சில வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் சோதித்துக் குழுக்களை மாற்றவும் வேண்டும். இல்லையேல் பின்தங்கிய குழு நிரந்தர முத்திரையாகிவிடும். மூன்றாவதாக, சக ஆசிரியரின் வகுப்பில் வாரம் ஒருமுறையேனும் அமர்ந்து, குறை காணும் நோக்கமின்றிக் கலந்து பேச வேண்டும்.

மொழியின் சுமை

லேபர் கேம்ப் குழந்தைக்கு வீட்டில் தமிழ். தெருவில் இந்தியும் மராத்தியும். ஆங்கில வழிப் பள்ளியாயின் புத்தகத்தில் ஆங்கிலம். மகாராஷ்டிர மாநிலத்தின் 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயப் பாடம். ஆகவே, குழந்தை விடை கூறாதது அறியாமையாலா, மொழி புரியாமையாலா என்பதை ஆசிரியர் பிரித்தறிய வேண்டும். தமிழில் கேட்டால் சரியாகக் கூட்டிச் சொல்லும் குழந்தைக்குக் கணக்கு தெரியும். அதற்கு வேண்டியது மொழிப் பயிற்சியே.

தாளாளரும் பெற்றோரும்

திருச்சபைப் பள்ளியில் நிர்வாகப் பொறுப்பு தாளாளரிடம் உள்ளது. கட்டடம், ஊதியம், கட்டணம் ஆகியவற்றை அவர் ஏற்று, கற்பித்தலைத் தலைமையாசிரியரிடம் முழுமையாக விடுவதே நல்ல பிரிவினை. ஆண்டுதோறும் ஆசிரியர்கள் 50 மணி நேரத் தொழில்முறைப் பயிற்சி பெற வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது. தனிப் பயிற்சிக்கு வசதியற்ற சிறு பள்ளி, அண்டைப் பள்ளிகளுடன் சேர்ந்து இதை நிறைவேற்றலாம். பெற்றோர் கூட்டத்தை வேலை முடிந்த மாலை வேளையில் கூட்ட வேண்டும். பகற்கூலியை இழந்து பள்ளிக்கு வரச் சொல்வது நியாயமன்று.

இவற்றுள் பெருஞ்செலவு கோருவது எதுவுமில்லை. வேண்டுவது ஒழுங்கும் தொடர்ச்சியுமே. ஐந்தாம் வகுப்பை முடித்து வெளியேறும் ஒவ்வொரு குழந்தையும் தானே ஒரு பக்கத்தை வாசித்துப் பொருள் கூற முடியுமாயின், அப்பள்ளி தன் கடமையைச் செய்துவிட்டது எனலாம். எத்தனை பேர் அவ்வாறு வெளியேறினர் என்னும் கணக்கையே பள்ளியின் ஆண்டறிக்கை முதலில் கூற வேண்டும்.